ஐஸ்பெட்டியில் வைத்த மருந்து

என் மச்சான் நல்லரத்தினத்துக்கு ஐஸ் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை என்று மாங்கேணியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவனைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். விடியக் கரையில் மீன் எடுத்து, மோட்டார்சைக்கிளின் பின்னால் கட்டிய, குளிர் தாங்குகிற றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போட்டு அடுக்கி, காயான்கேணி, ஓட்டமாவடி, வாழைச்சேனை என்று விற்றுக்கொண்டே வந்தாறுமூலைச் சந்தி வரைக்கும் போவான். உச்சி வெயிலில் கடைசியாக வாங்குகிற வீட்டுக்கும் மீன் கண் தெளிந்து, செவுள் சிவந்துதான் போய்ச் சேரும். "மீன் செத்தது மீனுக்கே தெரியாம வச்சிருக்கான்" என்று நான் பகிடி பண்ணுவேன். அவன் சிரிக்க மாட்டான். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டுவான்.

அவன் வாகரைக்காரன். என் தங்கச்சி இராசாத்தியைக் கட்டி எங்கள் ஊருக்கு வந்தவன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து சேருவான். பெண் பிள்ளைக்கு ஒரு வீடு கட்டி வைக்காமல் கலியாணப் பேச்சை வாயில் எடுக்க முடியாது. அதனால், ஒரே மகள் ஆர்த்திகா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இராசாத்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். வீட்டைக் கட்டி முடித்ததும் வருவேன் என்றாள். கூரை ஏறியது, சீமெந்து பூசியாயிற்று, ஜன்னலுக்குக் கம்பியும் போட்டாயிற்று. அவள் வரவில்லை. போன இடத்தில் வேலை இருக்கும்போது விட்டுவிட்டு வர யாருக்கு மனம் வரும்?

ஆகவே பிள்ளையை வளர்த்தது நல்லரத்தினம்தான். நல்லபடியாக வளர்த்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மீன் மணக்கிற கையோடு அவளுடைய புத்தகத்தைத் தொட மாட்டான். சவர்க்காரம் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவிவிட்டுத்தான் தொடுவான். அவள் கணக்கில் கெட்டிக்காரி. பல்கலைக்கழகம் போக வந்தாறுமூலைக் கம்பஸ் கிடைத்தபோது அவன் அன்று விற்ற மீனெல்லாம் கிட்டத்தட்டச் சும்மா கொடுத்தது மாதிரித்தான். சந்தியில் நின்று பாரை மீனை வெட்டிக்கொண்டே, "என்ட மகள் இதுக்குள்ளதான் படிக்கிறா" என்று கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் சொல்வான். அவள் வெட்கப்படவில்லை. கூட்டாளிப் பெட்டைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இதுதான் எங்கட அப்பா" என்று காட்டினாள்.

அவளுடைய முகம்தான் அவளை விடவில்லை.

பரு எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறதுதான். இவளுக்கு வந்தது அந்த வகை இல்லை. இரண்டு கன்னமும் தாடையும் உள்ளுக்குள் கட்டி கட்டியாக, சிவந்து, தொட்டால் நோகிற மாதிரி. ஒன்று ஆறும் முன்னர் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். ஆறின இடத்தில் பள்ளம் விழும். ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போது கொரோனா வந்து ஊரெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்ததே, அந்தக் காலத்தில்தான் அவள் மிகவும் சந்தோசமாக இருந்தாள் என்றால் நம்புவீர்களா? நான் நம்புகிறேன், நானே பார்த்தேன். மற்றவர்கள் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்தபின்னும் அவள் கழற்றவில்லை. குவைத்திலிருந்து தாய் வீடியோவில் கூப்பிட்டால் போனை மேலே திருப்பி வைத்துவிடுவாள். பாவம் இராசாத்தி, மகளோடு பேசுகிறேன் என்று அந்த வீட்டுக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? கலியாணம் கட்டினால் சரியாகும் என்றார்கள். சூடு என்றார்கள். நல்லரத்தினத்துக்குச் சூடு என்ற சொல் போதும். அன்றிலிருந்து இறால், நண்டு இரண்டும் அந்த வீட்டுக்குள் வரவில்லை. இறால் என்றால் உயிரை விடுகிற பெட்டை, தகப்பன் இறால் விற்கப் போகிறதைப் பார்த்துக்கொண்டு கீரையும் சோறும் தின்றாள். வேப்பிலை அரைத்தான், மஞ்சள் அரைத்தான், வெள்ளரிக்காய் வெட்டி வைத்தான். பரு தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

கம்பஸில் இரண்டாம் வருசம், வகுப்புக்கு முன்னால் நின்று ஒரு கணக்கை விளக்க வேண்டி வந்ததாம். பின்வரிசைக்குக் கேட்கவில்லை, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பேசுங்கோ என்று விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இவள் கழற்றினாள். பேச்சு வரவில்லை. எழுதுகோலை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து, நேரே பஸ் ஏறி மாங்கேணிக்கு வந்துவிட்டாள். அந்தக் கிழமையே கம்பஸில் வேலைநிறுத்தம் தொடங்கிக் கதவை மூடினார்கள். திறக்க முன்னர் முகம் மாறினால் திரும்பிப் போவது, மாறாவிட்டால் போவதில்லை என்று அவள் முடிவெடுத்துவிட்டாள். இதை அவள் தகப்பனிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள். நான் போய் அவனிடம் சொன்னேன்.

என்னுடைய ஓட்டோவில்தான் மட்டக்களப்புக்குப் போனோம். ஒரு தோல் டொக்டரிடம் பணம் கட்டி நேரம் எடுத்துச் சனல் பண்ணியிருந்தோம். நல்ல மனுசி. முகத்தைக் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, எங்களையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"பொம்பிளைகளின்ட உடம்பிலயும் ஆம்பிள ஹோர்மோன் கொஞ்சம் இருக்கும். இவட தோல் அதுக்குக் கூடுதலா எழும்புது. எண்ணெய் கூடச் சுரந்து, அடைச்சு, உள்ளுக்குள்ள கட்டியாகுது. இது சூடும் இல்ல, சாப்பாடும் இல்ல."

"இறால் திண்டாலுமா?" என்று கேட்டான் இவன்.

"தாராளமாத் திங்கட்டும்."

மகள் அவனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். டொக்டர் ஒரு துண்டில் விழுங்குகிற குளிசை எழுதிக் கொடுத்தார்.

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஓட்டமாவடியில் ஹமீட் காக்காவின் பார்மசிக்குப் போனோம். ஹமீட் காக்கா எங்களுக்கு நெடுநாள் பழக்கம். துண்டைப் பார்த்தார், குளிசையை எடுத்தார், எப்போது போட வேண்டும் என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார். இவன் சும்மா நின்றிருக்கலாம். "இதென்ன குளிசை காக்கா?" என்று கேட்டான். அவர் பக்கத்தில் ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, இவன் காதோடு வாயை வைத்துச் சொன்னார். ஹோர்மோன் குளிசை, குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் கொடுக்கிறது, ஆனால் இந்தப் பிள்ளைக்கு முகத்துக்காகத்தான் டொக்டர் தந்திருக்கிறார் என்றார்.

"குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையா? கலியாணம் கட்டாத என்ட புள்ளைக்கா?"

ஹமீட் காக்கா காதுக்குள் சொன்னதை இவன் கடை முழுவதற்கும் கேட்கச் சொன்னான். வாங்க நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அதில் எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர். ஆர்த்திகா கடையை விட்டு இறங்கி ஓட்டோவுக்குள் ஏறிக் குந்திக்கொண்டாள். குளிசை கண்ணாடி மேசையிலேயே கிடந்தது. நாங்கள் மாங்கேணிக்கு வந்து சேர முன்னர் கதை வந்து சேர்ந்திருந்தது. யார் வாயால் போனது என்று அவன் ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டான். தன் வாயை மட்டும் விட்டுவிட்டான்.

இதைக் கேட்டு இராசாத்தி குவைத்தில் இருந்து அழுதாள். பிறகு ஒரு நாள் சந்தோசமாகக் கூப்பிட்டாள். அவள் வேலை செய்கிற வீட்டு மெடத்தின் மகளுக்கும் இதே மாதிரி முகம் இருந்ததாம். இப்போது புதிதாக ஒரு கிறீம் வந்திருக்கிறதாம், அதைப் பூசிச் சில மாதத்தில் நன்றாகத் தெளிந்துவிட்டதாம்.

"அது உடம்புக்குள்ள போய்ப் பெரிசா ஒண்டும் செய்யாதாம். பூசின இடத்தில தோலோட நிண்டு, அந்த ஆம்பிள ஹோர்மோன வேலை செய்ய விடாதாம். குளிசை கிளிசை ஒண்டும் வேணாம். நான் வாங்கி அனுப்புறன்" என்றாள்.

இவனுக்குப் பெரிய நிம்மதி. வயிற்றுக்குள் போகிற குளிசைக்கு ஊர் பேர் வைக்கும். முகத்தில் பூசுகிற கிறீமுக்கு யார் என்ன சொல்ல முடியும்? குவைத்திலிருந்து லீவில் வந்த ஓட்டமாவடி றஸீனாவின் சூட்கேசில், பாரம் குறைக்க மட்டைப் பெட்டியைக் கழற்றிவிட்டு, உடுப்புக்குள் சுற்றி இரண்டு ரியூப் கிறீம் வந்து சேர்ந்தது. ஆர்த்திகா போனில் தேடி வாசித்துவிட்டு எனக்கு விளங்கப்படுத்தினாள். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

"மாமா, தோலுக்குள்ள ஒரு கதிரை இரிக்கெண்டு வைங்க. அந்த ஹோர்மோன் வந்து அதில குந்தினாத்தான் எண்ணெய் சுரக்கும். இந்த மருந்து முதலே போய் அந்தக் கதிரையில குந்திக்கும். ஹோர்மோன் வந்தா இடமில்ல."

"பஸ்ஸில துவாய போட்டு இடம் பிடிக்கிற மாதிரி" என்றேன்.

"ஓம் மாமா, அதேதான்!" என்று சிரித்தாள். முகக்கவசம் இல்லாமல்தான் சிரித்தாள்.

கிறீமைப் பிரிஜ்ஜில் வைக்கச் சொல்லி இராசாத்தி சொல்லியிருந்தாள். எங்கள் வெயிலில் வெளியே வைத்தால் பழுதாகிவிடும் என்று பயம் அவளுக்கு. மச்சான் வீட்டில் பிரிஜ் இல்லை. அன்றன்று மீன் அன்றன்று தீர்கிற வீட்டுக்கு எதற்குப் பிரிஜ் என்பான். என் வீட்டுக்காரி, "எங்கட பிரிஜ்ஜில கொண்டு வையுங்க அண்ணன், பெட்டை வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்" என்று கேட்டாள். கேட்டது நல்ல மனதோடுதான்.

"உங்கட வீட்டுக்கு வாறவங்க எல்லாரும் பிரிஜ்ஜத் திறந்து இதென்னண்டு கேப்பாங்க. ஒருக்கா ஊர் வாயில விழுந்தது போதும்" என்றான். பிறகு என்னைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினான். "உன்ட பிரிஜ் கரண்ட் போனா முடிஞ்சுது மச்சான். என்ட ஐஸப் போல குளிர் எதில இரிக்கி?"

ஐஸ் விசயத்தில் அவனோடு வாதாடி யாரும் வென்றதில்லை.

புதிதாக ஒரு சின்ன றெஜிபோம் பெட்டி வாங்கினான். மீன் பெட்டியில் வைத்தால் மணக்கும் என்று அதற்கென்றே தனிப் பெட்டி. வாழைச்சேனை ஐஸ் கொம்பனியில் கட்டி வாங்கி, நொறுக்கி, அதற்குமேல் கல்லுப்பு அள்ளிப் போட்டான். ஐஸோடு உப்புச் சேர்ந்தால் குளிர் இன்னும் இறங்கும் என்பது மீன்காரன் எல்லோருக்கும் தெரியும். தூரத்துக்குப் போகிற நல்ல மீனுக்குத்தான் அப்படிப் போடுவார்கள். மகளுடைய மருந்துக்கு அவன் அந்த மரியாதையைச் செய்தான். ரியூப்பைப் பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றி நடுவில் புதைத்து வைத்தான். காலையில் மீனுக்குப் போக முன்னர் ஒரு முறை, பின்னேரம் ஒரு முறை, தானே எடுத்து, சாரத்து நுனியால் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுப்பான். அவள் பூசி முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பான். திருப்பி வாங்கிப் புதைத்துவிட்டுத்தான் போவான். "வைக்கிற வேலை அப்பாட, பூசிற வேலை என்ட" என்று அவள் சொல்வாள்.

ரியூப் கல் மாதிரி இருக்கும். அவள் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு இளகும் வரை காத்திருப்பாள்.

"முதல்ல தண்ணி மாதிரி வருது அப்பா. மறுகா மணல் மாதிரி வருது."

"வெளிநாட்டு மருந்து அப்பிடித்தான் மனே. பழுதாகாம இரிக்கே, அதுதான் முக்கியம்."

நானும் அங்கே நின்று அதைக் கேட்டவன்தான். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மீனைக் கெடாமல் வைக்கிறது மருந்தையும் கெடாமல் வைக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

மாதம் போனது. கொஞ்சம் பொறுக்க வேண்டும், உடனே தெரியாது என்று அவளே வாசித்து வைத்திருந்தாள். பொறுத்தாள். விடிய எழும்பிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கன்னத்தை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முதல் ரியூப் முடிந்தது. இரண்டாவதும் பாதிக்கு வந்தது. தாடையில் புதிதாக இரண்டு கட்டி கிளம்பியது. இறால் மறுபடியும் நிற்பாட்டப்பட்டது. அவள் மறுபடியும் கீரையும் சோறும் தின்றாள்.

வேலைநிறுத்தம் முடிந்து கம்பஸ் திறந்தது. திறந்த அன்று விடியக் கிறீமை எடுத்துக்கொண்டு போனவனிடம் அவள் கையை நீட்டவில்லை.

"காணும் அப்பா, இனிப் போதும். இது எல்லாருக்கும் வேலை செய்யிற மருந்து. எனக்கு மட்டும் எடுபடல்ல. என்ட முகம் இப்பிடித்தான்."

"கம்பஸுக்கு...?"

"போகல்ல."

அவன் ரியூப்பைப் பிடித்தபடி நின்றான். நானும் போய்ப் பேசிப் பார்த்தேன், தாய் போனில் கெஞ்சிப் பார்த்தாள். கூட்டாளிகள் வந்தபோது அறைக்கதவைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் வாகரைப் பெட்டை ஒருத்தியோடு நீர்கொழும்புப் பக்கம் இறால் பதனிடும் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். நல்ல இடம், நல்ல விடுதி, குறை இல்லை. "இஞ்ச எல்லாரும் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டுதான் வேலை மாமா. கண் மட்டும்தான் தெரியும். எல்லாரும் ஒரே மாதிரி" என்று எனக்குச் சொன்னாள். சந்தோசமாகச் சொன்னாள். கணக்கில் ஊரையே வெல்லுகிற மூளை, இறால் தலையைக் கிள்ளிக்கொண்டிருக்கப் போய்விட்டது.

கம்பஸில் பெயரை வைத்திருக்கக் கடிதம் கேட்டார்கள், அவள் கொடுக்கவில்லை. தவணை கடந்து பெயர் வெட்டுப்பட்டது. நல்லரத்தினம் வந்தாறுமூலைக்கு மீன் கொண்டுபோவதை நிறுத்திவிட்டு வாழைச்சேனையோடு திரும்பத் தொடங்கினான்.

அடுத்த வருசம் இராசாத்தி வந்தாள். இரண்டு மாத லீவு. மகள் இல்லாத புது வீட்டுக்குள் சூட்கேசைத் திறந்து, இன்னொரு ரியூப்பை எடுத்து வைத்தாள். எடுபடாது என்று தெரிந்தும் ஏன் வாங்கினாய் என்று கேட்டேன்.

"மனம் கேக்கல்ல அண்ணன். மெடத்தின்ட மகளுக்குச் சுகமானது, என்ட மகளுக்கு ஏன் ஆகல்ல? அவட உடம்பில வேற என்னவும் வருத்தம் இரிக்கோ எண்டு எனக்குப் பயமா இரிக்கி."

பழைய ரியூப் எங்கே என்று அவள் கேட்டாள். நல்லரத்தினம் எழும்பிப் போய்ச் சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தான். மகள் போய் அவ்வளவு காலத்துக்குப் பிறகும் அந்த மிச்சத்துக்கு ஐஸ் மாற்றிக்கொண்டுதான் இருந்தான். ஒருவேளை அவள் கேட்டால் இருக்கட்டும் என்று. மூடியைத் திறந்து, உப்பு ஐஸைக் கையால் விலக்கி, ரியூப்பைத் துடைத்து இரண்டு கையாலும் பெண்சாதியிடம் கொடுத்தான்.

அவள் அதைத் தொட்டதும் முகம் மாறியது.

"இதென்ன இது, கல்லுப் போல?"

"குளிர்ல வைக்கச் சொன்னாய்தானே."

இராசாத்தி கையில் வைத்து இளக்கி, விரலில் பிதுக்கினாள். தண்ணீர் வடிந்தது. பிறகு குறுணி குறுணியாக விழுந்தது. புது ரியூப்பைத் திறந்து மற்ற விரலில் கொஞ்சம் எடுத்தாள். அது வெள்ளையாக, வழுவழுப்பாக, ஒரே பதமாக நின்றது. இரண்டு விரலையும் நீட்டிக்கொண்டு அவள் அவனைப் பார்த்தாள். மெடத்தின் வீட்டில் அது பிரிஜ் கதவில், பழப்பாகு போத்தலுக்குப் பக்கத்தில் சும்மா இருந்ததாம். அதைப் பிறகுதான் சொன்னாள்.

மூன்று பேரும் ஹமீட் காக்காவிடம் போனோம். இந்த முறை கடையில் ஆட்கள் இல்லை. அவர் இரண்டையும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ரியூப்பின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"குளிர்ல வைக்கலாம் தம்பி. உறைய விடக்கூடாது. உறைஞ்சு உறைஞ்சு இளகினா மருந்து வேற, தண்ணி வேறயாப் பிரிஞ்சிரும். பூசினாலும் தோலுக்குள்ள ஒழுங்காப் போகாது."

"அப்ப புள்ளைக்கு மருந்து எடுபடாதெண்டு இல்லையா?" என்று இராசாத்தி கேட்டாள்.

"எடுபடுமா இல்லையா எண்டு சொல்றதுக்கு, பிள்ளை இன்னும் மருந்து பூசவேயில்லையே தங்கச்சி."

நல்லரத்தினம் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமும் வந்தது. இரண்டும் இன்றுவரை இருக்கிறது. என் வீட்டு பிரிஜ்ஜில் வைத்திருந்தால் என்ன? டொக்டர் தந்த குளிசையை வாங்கியிருந்தால் என்ன? ஊர் என்ன சொல்லும் என்று பயந்து பயந்து, பிள்ளையின் படிப்பைத்தான் தொலைத்தான், ஊருக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் அவ்வளவு அக்கறையாகச் செய்த மனுசனை என்னவென்று திட்டுவது?

மகளிடம் சொல்ல வேண்டும். போன் எடுப்பான், சாப்பிட்டாயா, மழையா என்று கேட்பான், வைத்துவிடுவான். "நீ சொல்லு மச்சான்" என்று என்னைக் கேட்டான். மாட்டேன் என்றேன். "நான் சொல்றன்" என்று இராசாத்தி போனை எடுத்தபோது, வேண்டாம், அவள் சித்திரை வருசப் பிறப்புக்கு வரும்போது நானே நேரில் சொல்கிறேன் என்று பறித்து வைத்தான். இவன் சொல்ல மாட்டான் என்றுதான் நான் நினைத்தேன்.

சித்திரை வருசத்துக்கு லீவு எடுத்து அவள் வந்தாள். கொழும்பு பஸ் வாழைச்சேனைக்கு வருகிற நேரம், நல்ல காலை வெயில். நானும் அவனும் ஓட்டோவோடு நின்றோம். இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள், தகப்பன் கையைப் பிடித்தாள், அம்மாவுக்கு உடுப்பு வாங்கினேன் என்று பையைக் காட்டினாள். ஏறினார்கள். ஓட்டமாவடிப் பாலத்துக்கு வர முன்னரே அவன் தொடங்கிவிட்டான். சுற்றி வளைக்கவில்லை. ஐஸ், கல்லுப்பு, இரண்டு விரல், ஹமீட் காக்கா சொன்னது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னான். தன்னை ஒரு இடத்திலும் காப்பாற்றவில்லை. அதற்கு அவனை நான் மெச்சுகிறேன்.

"அப்ப பிழை என்ட முகத்தில இல்லையா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல மனே. உன்னில ஒரு பிழையும் இல்ல. நான்தான் பழுதாக்கிப்போட்டன். அம்மா புதுசு கொண்டுவந்து மாமா வீட்டுப் பிரிஜ்ஜில வச்சிரிக்கா. நீ பூசு. எல்லாம் சுகமாகும். மறுகா கம்பஸில போய்க் கேப்பம். காலில விழுந்தாலும் நான் விழுறன்."

காயான்கேணி கழிந்தது. பின்பார்க்கிற கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவள் அழவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. அவளுக்குச் சந்தோசம் வரும் என்றுதான் நான் முட்டாள்தனமாகக் காத்துக்கொண்டிருந்தேன். அவனும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பான்.

"அப்பா" என்றாள் கடைசியில். குரலில் கோபம் இல்லை. "என்ட முகம் இப்பிடித்தான், இனி எனக்கு ஒண்டும் வேணாமெண்டு நினைச்சுப் பழக எனக்கு எவ்வளவு காலம் எடுத்தது தெரியுமா? இப்பதான் பழகினன். இப்ப வந்து திரும்ப ஆசைப்படச் சொல்றீங்க. எனக்கு ஏலாது அப்பா."

அவன் அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான். மாங்கேணி வந்து ஓட்டோவை வளைத்தேன். வாசலில் இராசாத்தி மகளைப் பார்க்க நின்றுகொண்டிருந்தாள்.